ஆள் இல்லாத அலை

ஜூன் 3, செவ்வாய்

சொட்டு மருந்து: காலை 7, விட்டாச்சு.

இது கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த டைரி. மருந்து விட்ட நேரத்தை மட்டும் குறித்துவரச் சொன்னார்கள். ஒரு வரிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள், மிச்ச இடம் என் இஷ்டம். கண்ணில் ஒன்றுமில்லை. கொஞ்சம் எரிச்சல், போர்டு ஒட்டும் ரெசின் பசையின் நெடிதான் காரணம்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நானே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் கோவளம் முழுக்க வேறு மாதிரி பேசிக்கொண்டிருக்கிறார்கள். அலையேறுவதில், அதாவது சர்ஃபிங்கில், ஒரு சட்டம் உண்டு. அலை முதலில் உடையும் இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்களோ, அலை அவர்களுக்கு. வலப்பக்கம் போகிறவள் போர்டில் எழுந்து நிற்பதற்கு முன் இடப்பக்கம் பார்க்கவேண்டும். அங்கே யாராவது ஏற்கெனவே எழுந்து வந்துகொண்டிருந்தால் விட்டுக்கொடுக்கவேண்டும். நான் எப்போதும் வலப்பக்கம்தான் போவேன். இடப்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. எழுந்தேன். அடுத்த நொடி இடப்பக்கத்திலிருந்து ஒரு போர்டு வந்து என்மேல் ஏறியது.

வந்தவள் சுபத்ரா மேடம். அடையாறில் பேங்க் மேனேஜர், ஐம்பத்தோரு வயது, மூன்று வருடமாகத்தான் அலையேறுகிறாள். என் போர்டுக்கு அடியில் இருக்கும் ஃபின் அவள் தொடையைக் கிழித்துவிட்டது. ஒன்பது தையல்.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கரையில் எல்லார் முன்னாலும் கேட்டாள். கேட்கட்டும். வரும்போது ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. பேங்கில் எல்லாரையும் நன்றாகத்தான் சத்தம் போடுகிறாளாம்.

சர்ஃபிங் கிளப்பில் கூடிப் பேசி, ஒரு மாதம் நான் கோவளம் அலையில் இறங்கக்கூடாது என்று முடிவு சொல்லிவிட்டார்கள். பதினாறு வருடமாக ஏறும் அலை. இவர்கள் உடைத்துக்கொண்டு வரும் போர்டை எல்லாம் ஒட்டிக்கொடுப்பதும் நான்தான். இந்தத் தேசராணி கை வைக்காத போர்டு இந்தக் கரையில் ஒன்று உண்டா? தடை போடுகிறவன் கையில் இருப்பதும் நான் ஒட்டிய போர்டு.

ஜூன் 5, வியாழன்

மருந்து இரண்டு வேளையும் விட்டேன்.

யோசித்துவிட்டேன். ஆள் கூட்டம் இருப்பதால்தானே இடிக்கிறது. ஆளே இல்லாத அலைக்குப் போனால் யார்மேல் யார் இடிப்பது?

போன வருடம் பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் போர்டு ஒட்ட வந்தபோது ஓர் ஊர் சொன்னார். தூத்துக்குடிக்குத் தெற்கே, அடைக்கலத்துறை. பாறை இல்லை, முழுக்க மணல் தரை, அலை இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும், நாள் முழுக்க இருந்தேன், ஒரு மனுஷன் தண்ணீரில் இல்லை என்றார். போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடு கோடாக அலை, கரையில் ஒரு தேவாலயம், வரிசையாக மீன்பிடி வள்ளங்கள். ஒரு போர்டுகூட இல்லை. படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன்.

மாசிலாமணியிடம் சொல்லவில்லை. (என் புருஷன். பெயரை எழுதக்கூடாது என்று யாராவது சொன்னால், இது என் டைரி.)

ஜூன் 8, ஞாயிறு

கோவளத்தில் இன்று இடுப்பளவு அலை, கண்ணாடி மாதிரி தண்ணீர். ஷெட்டில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மூன்று போர்டு ஒட்டினேன்.

டீ ஊற்றும்போது கொஞ்சம் டம்ளருக்கு வெளியே போய்விட்டது. "கையப் பாத்து ஊத்து" என்றார் மாசிலாமணி. உனக்கு டம்ளரைப் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

பேங்க்கம்மா நொண்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். போர்டின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

"நீ உடைச்சது. நீயே ஒட்டு."

"நான் ஒட்டாம வேற யாரு ஒட்டப் போறா மேடம். வெச்சிட்டுப் போங்க."

போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நான் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்தாள். ரெசினை இறுக்கும் ஹார்டனர் பாட்டில் மூடியை நான் நாலு தடவை தேடினேனாம், அது என் இடப்பக்கமே இருந்ததாம். எண்ணியிருக்கிறாள். பிறகு எழுந்து என் இடப்பக்கம் வந்து நின்றாள். நான் பாட்டுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ராணி, இது எத்தனை விரல்?"

"எது?"

"இவ்வளவு நேரமா உன் காதுகிட்ட கையை ஆட்டிட்டிருக்கேன்."

"வேல செய்றவ காதுகிட்ட கைய ஆட்டுனா யாரு பாத்துக்கினு இருப்பாங்க? போர்டு வேணுமா வேணாமா?"

அவள் ஜன்னலில் இருந்த சொட்டு மருந்தை எடுத்துப் பெயரைப் படித்தாள். "எங்க அப்பாவுக்கும் இதுதான் விட்டோம்" என்றாள். எரிச்சலுக்கு என்றேன். "ஆமா, அவரும் அப்படித்தான் சொல்லுவார்" என்றாள்.

எனக்கு அந்தப் பொம்பளையைப் பிடிக்கவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

அடைக்கலத்துறையில் படகு ஒட்டுகிறவர் ஒருவரின் நம்பர் ரெசின் கடை மூலம் கிடைத்தது. அவர் வீட்டம்மா செலஸ்டினா பேசினாள். மாடியில் ஒரு ரூம் சும்மா கிடக்கிறது, தாராளமாக வாருங்கள் என்றாள்.

"கரையில வலை இழுக்கறது எந்த நாளு?" என்று கேட்டேன். இது முக்கியம். கரைவலை கிடக்கும்போது அலையில் இறங்கினால் கால் வலையில் மாட்டும், வலைக்காரர்கள் உதைப்பார்கள், உதைப்பது நியாயமும்கூட.

"கெழம பூரா வலை கெடக்கும் அக்கா. வள்ளமும் போவும் வரும். ஞாயித்துக்கெழம மட்டுந்தான் கடலு சும்மா கெடக்கும். ஒருத்தரும் எறங்க மாட்டாவ."

போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். வலை இல்லை, படகு இல்லை, ஆள் இல்லை. ஒரு முழு நாள்.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி. இருட்டு ரூமில் பெட்டிக்குள் முகத்தை வைத்துப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டன் அழுத்தும் பரீட்சை. நிறைய அழுத்தினேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, தெரியாத புள்ளிக்கும் அழுத்தியிருக்கீங்க என்றார்.

24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் அழுத்தத்தைக் குறைக்க ஒரு சின்ன ஆபரேஷன். 23ஆம் தேதி காலை எட்டு மணிக்கு டெஸ்டுக்கு வரவேண்டும். தள்ளிப்போட்டால் இருப்பதும் போகும் என்றார். ஏன் வலது கண் என்றால், அதுதான் மிச்சம்.

எழுதிவிட்டேன். சரி.

ஆபரேஷனுக்கு அப்புறம் கடல் தண்ணீர் கண்ணில் படவே கூடாதாம். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "அதையெல்லாம் மறந்துடுங்கம்மா, வேற ஏதாவது பழகிக்குங்க" என்றார். கோலம் போடச் சொல்கிறாரோ என்னவோ.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை.

ஜூன் 17, செவ்வாய்

போர்டை வாங்கிக்கொள்ள பேங்க்கம்மா வந்தாள். விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள், குறை கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு சுவரில் நான் ஒட்டியிருந்த மேப்பைப் பார்த்தாள்.

"இவ்வளவு தூரம் எப்படிப் போவே?"

"பஸ்ல."

"ஒன்பதடி போர்டோட?"

டெம்போக்காரர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே முடியாது என்றுவிட்டார்கள். ராத்திரியில் நான் வண்டி ஓட்டுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது.

"நான் கார் எடுத்துட்டு வர்றேன்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "உன்னைக் கோவளத்திலேயே விட்டு வெச்சா இன்னொருத்தி தொடையைக் கிழிப்பே. ஆள் இல்லாத எடத்துல கொண்டு போய் விட்டா ஊருக்கு நல்லது."

பாவம் பார்த்து வருவதாக இருந்தால் வேண்டாம் என்றேன். "பாவமா? உன் மேலயா? தையல் பிரிச்ச எடம் இன்னும் அரிக்குது" என்றாள். சரி வாருங்கள் என்றேன்.

ஜூன் 18, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து நாள் உறுதி செய்ய வீட்டு நம்பருக்குப் போன் பண்ணிவிட்டார்கள். மாசிலாமணி எடுத்துவிட்டார்.

சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன், எதிர்ச் சத்தமும் தயாராக வைத்திருந்தேன். ஆனால் சாப்பிடும்போது என் தட்டில் இருந்த மீனை இழுத்து முள் எடுக்க ஆரம்பித்தார்.

"எனக்கு முள்ளு எடுக்கத் தெரியும்" என்றேன்.

"தெரியும்" என்றார். எடுத்துக்கொண்டே இருந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் இல்ல ராணி."

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அடைக்கலத்துறைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன், வந்து சேரு என்றார்.

ஜூன் 20, வெள்ளி

போர்டு, அதைக் காலோடு கட்டும் கயிறு இரண்டு, போர்டில் கால் வழுக்காமலிருக்க மெழுகு, ரெசின் ஒரு டப்பா, உப்புத்தாள், துண்டு, சொட்டு மருந்து ஐஸ் பெட்டியில். புளிச்சோறு நாளைக் காலை கட்டவேண்டும். போனில் அலைக் கணக்கு பார்த்தேன்: ஞாயிறு அதிகாலை நெஞ்சளவு, அலைக்கும் அலைக்கும் நடுவே பதினான்கு விநாடி, காற்று கரையிலிருந்து கடலுக்கு. மதியத்துக்கு மேல் காற்று திரும்பிவிடும். விடிந்ததும் இறங்கிவிட வேண்டும்.

ஜூன் 21, சனி

காலை ஐந்து மணிக்குக் கிளம்பி சாயங்காலம் வந்து சேர்ந்தோம். விழுப்புரம் தாண்டியதும் பேங்க்கம்மா ஏசியைக் குறைக்கச் சொன்னாள், நான் கூட்டினேன். திருச்சி வரை இதிலேயே போனது.

மதுரைக்கு இந்தப் பக்கம் ஒரு கடையில் டீ குடிக்கும்போது சொன்னேன். "மேடம், அன்னிக்கு நான்தான் பாக்கல. நீங்க கத்துனீங்க, நான் கேட்டேன், எங்கேயோன்னு நெனச்சேன். தப்பு என்னுது. மன்னிச்சிருங்க."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கிளப்ல புகார் குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். புகார் கொடுத்தது அவள்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இருட்டுமுன் கடலைப் பார்த்தேன். நாளை அலை வரும், வாசனையிலேயே தெரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் ரோடு காரணம். வெளிச்சம் போவதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு மணலில் நின்றோம். பதினாறு வருடத்தில் அப்படி ஒரு கடலை நான் கண்டதில்லை. நெஞ்சளவு அலை, உச்சியில் உடைந்து இரண்டு பக்கமும் நிதானமாகப் பிரிந்து ஓடுகிறது. தண்ணீரில் ஒரு ஈ காக்கை இல்லை. மெழுகு தேய்த்தேன், கயிற்றைக் காலில் கட்டினேன், ஓடினேன்.

"அக்கா, நில்லுங்க. எறங்கிராதிய."

செலஸ்டினா, தலையில் முக்காட்டோடு தேவாலயத்திலிருந்து ஓடி வந்தாள். பின்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், பெர்க்மான்ஸ், ஊர்க் கமிட்டித் தலைவர். அவருக்குப் பின்னால் பாதிப் பூசையில் எழுந்து வந்த கூட்டம்.

"சனிக்கெழம பொழுது அடஞ்சதுலேருந்து ஞாயித்துக்கெழம நாலு மணி மட்டும் இந்தக் கரையில ஒரு காலு நனையப்பிடாதும்மா" என்றார் அவர். "ஊர்க் கட்டுப்பாடு."

"நான் மீன் புடிக்கலியே ஐயா."

"அந்தா பாருங்க, சாளை மீனு துள்ளுது. நூறு பேரு அதப் பாத்துட்டு கையக் கெட்டிட்டு நிக்காவ. மெட்ராஸ்காரவியளுக்கு வேற சட்டம்னு அவியள்ட்ட நான் எப்படிச் சொல்ல?"

செலஸ்டினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "வலை கெடக்குமான்னுதானே கேட்டிய. போட்டோ புடிக்க வாரிய, பலகையும் அதுக்குத்தான்னு நெனச்சிட்டேன் அக்கா."

அவள் மேல் தப்பில்லை. ஒருத்தரும் இறங்க மாட்டார்கள் என்று அவள் சொன்னாள். என்னைச் சேர்க்காமல் சொல்கிறாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

பேங்க்கம்மா என் காதருகே, "ஓடு. உள்ள போயிட்டா உன்னைப் பிடிக்க யாரும் வர முடியாது. அவங்களும் இறங்கக்கூடாதே" என்றாள். அது நிஜம்தான். நாலு எட்டு வைத்தால் தண்ணீர். ஒரு நிமிடம் கால் துடித்தது. ஆனால் நானும் குப்பத்துக்காரி. எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்து கடலுக்குப் போகாதே என்று பஞ்சாயத்து சொன்ன நாளில் திருட்டுத்தனமாகப் போனவனை நான் என் வாயால் திட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரியோடு சண்டை போடலாம், கிளப்போடு சண்டை போடலாம். இவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

"நாலு மணிக்கா?" என்றேன்.

"நாலு மணிக்கு மணி அடிக்கும்" என்றார்.

போர்டைக் குத்திவைத்து அதன் நிழலில் உட்கார்ந்தேன். பத்து மணி நேரம். ஒவ்வொரு அலையாக எனக்கு முன்னால் வந்து வீணாகப் போனது. ஒன்பது மணி வாக்கில் அழுதேன். மறைக்கவில்லை. பேங்க்கம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டாள், எனக்கும் ஊட்டாத குறையாகக் கொடுத்தாள்.

அவ்வளவு நேரம் அலையைப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. இதுவரை வேண்டுமென்றே யோசிக்காமல் இருந்தது. நான் வலப்பக்கம் போகும்போது அலை என் வலது கண்ணுக்கு முன்னால் இருக்கும், ஆட்கள் எல்லாம் இடப்பக்கம். அதனால்தான் இடித்தேன். இடப்பக்கம் போனால் தலைகீழ். கரை, ஆள், படகு எல்லாம் வலது கண்ணுக்குள் வரும். அலை மட்டும் என் முதுகுப் பக்கம், இடப்பக்கம், தெரியவே தெரியாது. ஒன்றைத்தான் பார்க்க முடியும். அலையா, ஆளா.

இரண்டு மணிக்குக் காற்று திரும்பி அலையைக் கசக்கிவிட்டது. நாலு மணிக்கு மணி அடித்ததும் ஊரே கரையில் இறங்கியது. நாற்பது வள்ளங்கள். ஆள் இல்லாத அலை தேடி அறுநூறு கிலோமீட்டர் வந்தவளுக்கு முன்னால் கோவளத்தைவிடப் பெரிய கூட்டம்.

"இன்னிக்கு வேண்டாம்மா" என்றார் பெர்க்மான்ஸ். "இருட்டுற மட்டும் ஒண்ணொண்ணா வள்ளம் எறங்கிட்டேதான் இருக்கும். நாளைக்கு வெள்ளன எறங்குங்க."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நான் மெட்ராஸ் ஆஸ்பத்திரில நிக்கணும்" என்றேன். அப்புறம் வாய் தானாகத் திறந்துகொண்டது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "எனக்கு எடது கண்ணு தெரியாது. ஒரு வருசமாவே தெரியாது. நாளான்னிக்கு வலது கண்ணுக்கு ஆபரேஷன். அப்புறம் கடலே கூடாதுன்றாங்க. நீங்க யாரும் எனக்காக நிக்க வேணாம், உங்க தொழிலப் பாருங்க. நான் தெக்கப் பாத்துதான் வருவேன். அப்ப கரை எனக்கு வலது பக்கம். உங்க வள்ளம் ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். நான் ஒதுங்கிக்குவேன்."

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். பெர்க்மான்ஸ் வள்ளக்காரர்கள் பக்கம் திரும்பினார். "ஏலே, அந்தம்மா தெக்கப் பாத்து வருவாவளாம். வடக்க ஒதுக்கி எறக்குங்க."

"ஒதுக்க வேணாம்னு சொன்னனே."

"வள்ளம் எங்களது. எங்க எறக்கணும்னு நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க உங்க பலகையப் பாருங்க."

இறங்கினேன். முதல் அலையில் பழக்கதோஷத்தில் உடம்பு வலப்பக்கம் திரும்பியது, குப்புற விழுந்து மணல் தின்றேன். இரண்டாவதை விட்டுவிட்டேன். மூன்றாவது வந்தது. எழுந்ததும் இடது காலை அழுத்தி இடப்பக்கம் திருப்பினேன்.

அலை தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் இரைச்சல், உள்ளங்காலுக்கு அடியில் தண்ணீர் தூக்குவது, இடது தோளில் தெறிக்கும் சாரல், இவ்வளவுதான் அலை. தூக்கும்போது குனிந்தேன், தளரும்போது நிமிர்ந்தேன். பயமாக இருந்தது, பயந்துகொண்டே போனேன். ஆனால் ஆட்கள் எல்லாரும் தெரிந்தார்கள். வள்ளத்தைத் தள்ளுகிறவர்கள், இடுப்பில் கை வைத்து நிற்கும் பெர்க்மான்ஸ், முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டிருக்கும் செலஸ்டினா, கால் வலியை மறந்து தண்ணீர் ஓரமாகக் கூடவே ஓடி வரும் பேங்க்கம்மா. ஒரு வருடமாக இத்தனை முகங்களை ஒரே நேரத்தில் நான் பார்க்கவில்லை. ஒருவரையும் இடிக்காமல் கரைவரை வந்தேன்.

மொத்தம் நாலு அலை. ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டோம்.

ஜூன் 23, திங்கள்

மாசிலாமணி ஏழரைக்கே வாசலில் நின்றிருந்தார். பேங்க்கம்மா ராத்திரி முழுக்க ஓட்டி வந்த கண்ணோடு எனக்கு வரிசையில் டோக்கன் எடுத்துக் கொடுத்துவிட்டு, நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார்.

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு? கடலுக்குப் போனீங்களா?"

"போனேன்."

கொஞ்ச நேரம் திட்டினார். கேட்டுக்கொண்டேன், திட்ட வேண்டியதுதான். நல்லவேளை கிருமி எதுவும் இல்லை, நாளைக்கே செய்துவிடலாம் என்றார். பிறகு, "இதுதான் கடைசின்னு தெரியும் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"நாளைக்கு நீங்க உங்க வேலையை நல்லாப் பாருங்க டாக்டர்" என்றேன். "அடுத்த ஜூனுக்கு அடைக்கலத்துறைல ரூம் சொல்லிட்டு வந்திருக்கேன்."

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.